மூடப்படாத அடைப்புக்குறி

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் குடிநீர்ப் பிரிவின் கூட்ட அறையில் இருந்தவர்கள்: செயற்பொறியாளர், தலைமை நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் மூன்று நிறப் பேனாக்களோடு தணிக்கை அதிகாரி. நிபுணர் என்ற முறையில் வரவழைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். தட்டச்சர் அம்மா. வாசலில் வாட்ச்மேன். நடுவே, நீலத் துணி விரித்த சின்ன மேசைமேல், ஒரு கால்குலேட்டர். அதற்கு எதிரே, நாற்காலி ஒதுக்கப்படாததால் நின்றுகொண்டு, பவுடர்.

வராதவர் ஒருவர்: தரக் கண்காணிப்பாளர். சொந்தத்தில் கல்யாணம், திங்கட்கிழமைதான் வருவார். தட்டச்சர் அம்மா இதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பவுடர் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. பதினோரு வருடமாக நாலாம் எண் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார். சட்டை, புருவம், சாப்பாட்டு டப்பா எல்லாம் அந்த வாடைதான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவருக்குத் தெரியாது. மூக்கு செத்து எட்டு வருடம் ஆகிறது. ஆகவே மோந்து பார்த்துத் தண்ணீரின் நிலவரம் சொல்ல அவரால் முடியாது. அதற்கு அவரிடம் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருந்தது. தலை தட்டி அளந்தால் ஒரு கிலோ. தொட்டி ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் நாலு டப்பா. போட்டுக் கலக்கிவிட்டு வெற்றிலை எச்சில் துப்புகிற மாதிரி அலட்சியமாகப் பதிவேட்டில் "4" என்று எழுதிவிட்டுப் போவார். பதினோரு வருடத்தில் மேற்குத் தெருவில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. அதனால் அவரை ஒருவருக்கும் தெரியாது.

பிறகு கால்குலேட்டர்கள் வந்தன.

எதற்காக வாங்கினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. வாங்கியாயிற்று, ஆகவே ஓர் ஆணை வேண்டியிருந்தது. "அறிவியல் கால்குலேட்டர்களில் விசைகளை அழுத்துவதற்கான நெறிமுறை ஆணை", நாற்பத்தொரு பக்கம். எந்த விரல், எந்தக் கை, நகம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதெல்லாம் முதல் பதினாறு பக்கத்தில் வந்துவிடும். பதினேழாம் பக்கத்தில் நாலாம் எண் தொட்டிக்கான கணக்கு இருந்தது.

கணக்கு ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. தொட்டியில் ஆறு லட்சம் லிட்டர். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் மருந்து. பிளீச்சிங் பவுடரில் பத்தில் மூன்று பங்குதான் மருந்து, மிச்சம் சுண்ணாம்பு. சுவரில் தொங்கிய பழைய அட்டையில் இதை ஒரு கோடு போட்டு எழுதியிருந்தார்கள். கோட்டுக்கு மேலே ஆறு லட்சம் பெருக்கல் இரண்டு. கோட்டுக்குக் கீழே பத்து லட்சம் பெருக்கல் 0.3. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் நாலு கிலோ.

ஆணையைத் தட்டச்சு செய்தபோது அந்தக் கோடு காணாமல் போயிற்று. மேலே கீழே இருந்தது முழுவதும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்தது: 600000 × 2 ÷ 1000000 × 0.3. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே அழுத்த வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது ஆணையின் ஐந்தாம் விதி. அப்படியே அழுத்தினால் வருவது 0.36. அதாவது முந்நூற்று அறுபது கிராம். பெயின்ட் டப்பாவில் அரை டப்பாகூட இல்லை.

"உன் மேல இருக்கிற குற்றச்சாட்டு என்னன்னு தெரியுமா?" என்று செயற்பொறியாளர் ஆரம்பித்தார்.

"நாலு கிலோ போட்டேன் சார்."

"அது இல்லப்பா. நாலு கிலோ போட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. நீ அப்படிப் போட்ட பத்தொன்பது நாளும் தண்ணி நல்லாத்தான் இருந்திருக்கு, பரிசோதனை அறிக்கை இருக்கு. குற்றச்சாட்டு என்னன்னா, தண்ணி எதனால நல்லா இருந்துதுன்னு துறைகிட்டப் பதிவு இல்ல."

"பதிவில்லாம நல்லா இருக்கிற தண்ணி, நாளைக்குப் பதிவில்லாம கெட்டும் போகலாம்," என்றார் தணிக்கை அதிகாரி. சொல்லிவிட்டு அதைத் தானே பச்சைப் பேனாவில் எழுதிக்கொண்டார்.

"ஆணை வந்த மூணு நாள் ஆணைப்படிதான் போட்டேன் சார். முந்நூத்தி அறுபது கிராம். மூணாம் நாள் மேற்குத் தெருவுல இருபத்தாறு பேருக்கு வாந்தி பேதி. என் தங்கச்சி பொண்ணும் அதுல ஒண்ணு. ரெண்டரை வயசு. ஆறு நாள் டிரிப்ஸ் ஏத்தினாங்க. அப்புறம்தான் பழையபடி டப்பாவுல அளந்து போட்டேன்."

"அந்த மூணு நாள் பதிவேட்டை நான் பார்த்தேன்." தணிக்கை அதிகாரியின் குரல் குழைந்தது. "என் சர்வீஸ்ல அவ்வளவு சுத்தமான பதிவேடு பார்த்ததில்ல. அடுத்த நாள்லேருந்துதான் நாலு நாலுன்னு எழுதிக் கெடுத்து வெச்சிருக்கீங்க."

பவுடர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். குற்றப்பத்திரிகை கையில் கொடுத்து இன்றோடு பத்து நாள். அன்றைக்கே மருந்துக் கிடங்குக்கு இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவியைச் செயற்பொறியாளரும் இன்னொன்றைத் தணிக்கை அதிகாரியும் வைத்துக்கொண்டார்கள். பத்து நாளும், ஒவ்வொரு முறை தொட்டி நிரம்பும்போதும், 0.36 கிலோ மட்டும் நிறுத்து, பொட்டலம் கட்டி, அவர் கையில் வந்தது. பெயின்ட் டப்பா சான்றுப்பொருள் ஆகி, மூலையில் சீட்டு ஒட்டி உட்கார்ந்திருந்தது. பவுடரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தங்கைக்குப் போன் போட்டுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். தெருவில் தெரிந்த நாலு வீட்டுக்கும் சொல்லச் சொன்னார். அவளும், பேச்சு பரவித் தெருவும் பத்து நாளாகக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.

"இப்ப நீயே அழுத்திக் காட்டு," என்றார் செயற்பொறியாளர்.

பவுடர் மேசைக்கு வந்தார். ஆறு லட்சம், பெருக்கல், இரண்டு, வகுத்தல். அங்கே நிறுத்தி, யாரும் பார்க்காத மேல்வரிசையில் இருந்த ஒரு விசையை அழுத்தினார். பத்து லட்சம், பெருக்கல், 0.3. பிறகு அதன் பக்கத்து விசை. சமக்குறி.

4.

செயற்பொறியாளர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"நடுவுல என்னமோ அமுக்கினியே, அது என்ன?"

"பிராக்கெட் சார். ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு. கீழ இருக்கிற ரெண்டையும் ஒண்ணாப் பெருக்கிட்டு அப்புறம் வகுக்கச் சொல்றோம். இல்லேன்னா அது மொதல்ல வகுத்துட்டு, கடைசி 0.3ஆலப் பெருக்கிடுது."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"கூடவே ஒரு சின்னப் புத்தகம் வந்துது சார். டப்பாக்குள்ள."

செயற்பொறியாளர் தணிக்கை அதிகாரியைப் பார்த்தார். டப்பாவுக்குள் புத்தகம் இருந்ததாகத் துறைக்குத் தகவல் இல்லை.

தணிக்கை அதிகாரி ஆணையைப் புரட்டினார். "அனுமதிக்கப்பட்ட விசைகள் பதினேழு. இது அதுல இல்ல. அதோட இன்னொரு சந்தேகம். ஒரே மெஷின் எனக்கு ஒரு பதிலும் இவருக்கு ஒரு பதிலும் சொல்லுதுன்னா, அது யாருக்கு வேலை செய்யுது?"

பேராசிரியரைக் கேட்டார்கள். அவர் அதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தார். எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். கழித்தல் விசையும் எதிர்க்குறி விசையும் வேறு வேறு என்பதை இருபது நிமிடம் விளக்கினார். இந்தக் கணக்கில் இரண்டுமே இல்லை. அடுத்து, கருவி டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டார். இந்தக் கணக்கில் கோணமே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் டிகிரி பார்த்து ஒரு சான்றிதழ் எழுதவேண்டும் என்று செயற்பொறியாளர் குறித்துக்கொண்டார். கடைசியில், உட்காரப்போகும்போது, போகிறபோக்கில் பேராசிரியர் சொன்னார்:

"அப்புறம், அந்த ஆள் அழுத்தினதுதான் சரி. நாலுதான் விடை. உங்க ஆணை தப்பு."

பன்னிரண்டு மணிக்குத் தட்டச்சர் அம்மாவை விசாரித்தார்கள். "மேல கீழன்னு அடிக்க எனக்கு வரல சார். ஒரே வரியில அடிச்சேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டாங்க," என்றார் அவர். ஏழு பேரில் நாலு பேருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டதால் விசாரணை அத்தோடு நின்றது.

செயற்பொறியாளர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "துறை யார்கிட்டயும் பிடிவாதம் பிடிக்கிறதில்ல. அடைப்புக்குறி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பழைய கணக்கு இந்த நிமிஷத்தோட ரத்து. இன்னைக்குச் சாயங்காலத் தண்ணிக்கே புது முறைப்படி மருந்து. நீ தப்பிச்சே, போ."

பவுடருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து நின்ற கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வராந்தாவுக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலத்திலேருந்து சரியாயிடும். இனிமே காய்ச்ச வேண்டாம்."

"நெசமாவா அண்ணா? சிலிண்டர் காலையிலேயே தீர்ந்துபோச்சு. எல்லாம் இந்தத் தண்ணியக் காய்ச்சிக் காய்ச்சியே. பாப்பாவுக்கு நேத்து காய்ச்சினது அரைச் சொம்பு இருக்கு, சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அஞ்சு மணித் தண்ணியப் பிடிச்சு அப்படியே குடுக்கலாமில்ல?"

"குடு."

"உன் வாயால சொல்லு. அந்த ஆபீஸ்காரங்க சொன்னா நான் நம்ப மாட்டேன்."

"நான்தான் சொல்றேன். அப்படியே குடு."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆணைத் திருத்தத்துக்கு உட்கார்ந்தார்கள். ஒரு வரியில் முடிந்திருக்கும். தணிக்கை அதிகாரிக்கு ஒரு ஐயம் வந்தது.

"அடைப்புக்குறி ரெண்டு இருக்கு. ஒண்ணு திறக்குது, ஒண்ணு மூடுது. திறக்கிற கையும் மூடுற கையும் ஒண்ணா இருந்தா நடுவுல என்ன போட்டாங்கன்னு யார் கேக்கிறது?"

"நியாயம்," என்றார் செயற்பொறியாளர். "திறக்கிற அதிகாரம் எனக்கு. மூடுற அதிகாரம் தரக் கண்காணிப்பாளருக்கு. மூடினப்புறம் வர்ற விடையைக் காட்டினாத்தான் கிடங்கு திறக்கும். அம்மா, எழுதிக்குங்க."

பேராசிரியர் தூக்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். "மூடாமலே சமக்குறி அழுத்தினாலும் விடை வரும். அதுவே மூடிக்கும்."

தணிக்கை அதிகாரியின் முகம் வெளிறிப்போனது. "யாரு அனுமதியில?"

"அனுமதியெல்லாம் அதுக்கு எதுக்கு? அது மெஷின்."

"அப்ப இத்தனை நாளா இது தன்னிச்சையா மூடிட்டிருந்திருக்கு!"

சமக்குறி விசைமேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, அதன்மேல் அவர் சிவப்புப் பேனாவில் கையெழுத்திட்டார்.

மூன்றரை மணிக்குத் திறப்பு நடந்தது. பவுடர் ஆறு லட்சம், பெருக்கல், இரண்டு, வகுத்தல் வரை அழுத்திவிட்டு விலகி நின்றார். செயற்பொறியாளர் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "இந்தத் துறையோட வரலாத்துல முதல் அடைப்புக்குறி. நம்ம காலத்துல நடக்குதுங்கிறது நமக்குப் பெருமை," என்று சொல்லி அழுத்தினார். கைதட்டினார்கள். தட்டச்சர் அம்மா போனில் ஒரு படம் எடுத்தார். பவுடர் மறுபடி வந்து பத்து லட்சம், பெருக்கல், 0.3 என்று அழுத்தினார். அடுத்து மூட வேண்டும்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

தட்டச்சர் அம்மா தொண்டையைச் செருமினார். "சார், மூடுறவர் கல்யாணத்துக்குப் போயிருக்கார்."

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். காலையில் அவரே எழுதியது, தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை.

"அவருக்குப் பதிலா நீங்களே மூடிடுங்க சார்," என்றார் பவுடர்.

"நானே திறந்து நானே மூடறதா? மத்தியானம் என்ன பேசினோம்?"

"அப்ப நாலு கிலோவை எடுத்துக் குடுங்க சார். மணி நாலாகுது. நாலுன்னு எல்லாருக்கும் தெரியும். காலைல இதே மேசைல வந்துதே."

"காலைல வந்தது திருத்தத்துக்கு முன்னாடி வந்த நாலு," என்றார் தணிக்கை அதிகாரி பொறுமையாக. "அது வேற நாலு."

"சரி சார், பழைய முந்நூத்தி அறுபதாவது..."

"ரத்து."

"அப்ப அஞ்சு மணிக்குத் தண்ணிய விட வேண்டாம்னு சொல்லுங்க."

"வால்வு வேற பிரிவுப்பா," என்றார் செயற்பொறியாளர். "அவங்களுக்கும் நமக்கும் கடிதப் போக்குவரத்துதான். எழுதறோம். பதினஞ்சு நாள்ல பதில் போடுவாங்க, ஒழுங்கான ஆளுங்க."

அப்போது பேராசிரியர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பினார். அவருக்கு அது ஒரு வழக்கம். "பத்து நிமிஷம் தொடாம விட்டா இது தானா அணைஞ்சிடும். அமுக்கினதெல்லாம் போயிடும். அம்புக்குறியை அப்பப்ப இடது, வலதுன்னு தட்டினா உயிரோட இருக்கும்."

"போயிட்டா என்ன ஆகும்?" என்றார் செயற்பொறியாளர்.

தணிக்கை அதிகாரி சற்றுமுன் தானே எழுதியதை வாசித்தார். "திறப்பு அனுமதி ஒரு முறைக்கு மட்டுமே செல்லும். இடையில் அழிந்தால் புதிய விண்ணப்பம். பரிசீலனைக் காலம் நாற்பத்தைந்து நாள்."

நாற்பத்தைந்து நாள். கிடங்கு பூட்டு, மருந்து பூஜ்யம், தினமும் இரண்டு வேளை தண்ணீர். பவுடர் மனசுக்குள் அழுத்திப் பார்த்தார். அதற்கு அடைப்புக்குறி தேவைப்படவில்லை. குனிந்து இடது அம்பை ஒரு தட்டு, வலது அம்பை ஒரு தட்டு தட்டினார்.

"பார்த்தீங்களா, அவருக்கு வேலை தெரியுது," என்றார் செயற்பொறியாளர். "திங்கட்கிழமை வரைக்கும் நீயே பாத்துக்கோ. சாப்பாடு ஜன்னல் வழியா வரும். மாத்து ஆளுக்கு விளம்பரம் குடுக்கிறோம்."

"இருக்கேன் சார். அதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு ஒரே ஒரு போன். காய்ச்ச வேண்டாம்னு நான்தான் சொல்லிட்டேன். காய்ச்சச் சொல்லணும். தெருவுலயும் சொல்லச் சொல்லணும்."

செயற்பொறியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது. "தண்ணி சரியில்லேன்னு துறை ஆளே வெளிய சொல்றதா? அதுக்குப் பேரு வதந்திப்பா. இருபத்தாறு பேர் படுத்தப்பகூட நாம அப்படி ஒரு வார்த்தை சொல்லல. அவ்வளவு கட்டுப்பாடா இருந்தோம்."

"தவிர, திறந்த அடைப்புக்குறி பக்கத்துல செல்போன் இருக்கக் கூடாது," என்றார் தணிக்கை அதிகாரி. அது ஆணையில் இல்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் வந்து கை நீட்டினார். பவுடர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மேசைமேல் கால்குலேட்டரின் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் பையைப் பொத்தி, மறு கையால் அம்பைத் தட்டினார். பொத்திய கை தளர்ந்தது.

"நான் சொல்லிடறேண்ணே. நம்பரக் குடுங்க," என்று வாட்ச்மேன் காதோரம் முணுமுணுத்தார்.

"நம்பர் அதுலதான் இருக்கு. மனப்பாடமா இல்ல."

போனைப் பழுப்பு உறைக்குள் போட்டார்கள். ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தின் குறுக்கே செயற்பொறியாளர் ஒரு கையெழுத்து, தணிக்கை அதிகாரி ஒரு கையெழுத்து. பிரிக்கும் அதிகாரம் மூடுகிறவருக்கு என்று முடிவாயிற்று. உறை வராந்தா மேசைக்குப் போனது.

பழைய ஆவண அறையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி. காலையிலிருந்து அவருக்குக் கிடைக்கும் முதல் நாற்காலி. கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, அது தொட்டிப் பக்கம் பார்த்தது. பவுடர் கால்குலேட்டரை இரண்டு கையாலும் தாங்கி, தண்ணீர் தளும்பிவிடுமோ என்பதுபோல நடந்து உள்ளே போனார். மேசையில் வைத்தார். இடது. வலது. திரையில் எண்கள் அப்படியே இருந்தன, கடைசியில் வெறும் இடம்.

ஐந்து மணிக்குத் தரைக்கு அடியில் குழாய் உறுமியது. அந்தச் சத்தம் அவருக்குப் பதினோரு வருடப் பழக்கம். நாலாம் எண் தொட்டி மேற்குத் தெருவுக்குத் திறந்துவிட்டது.

வராந்தா மேசையில் பழுப்பு உறை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புப் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே, கவர் அடிக்குது," என்றார் வாட்ச்மேன். "சார், கவர் அடிக்குது சார்."

பவுடர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பிரிப்பா. பிரிச்சு, தண்ணியப் பிடிக்காதேன்னு தங்கச்சிகிட்ட..."

"ரெண்டு கையெழுத்து இருக்குய்யா அதுல," என்றார் தணிக்கை அதிகாரி.

"நேரமாச்சு, சாத்து," என்றார் செயற்பொறியாளர்.

வாட்ச்மேன் பவுடரைப் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்தினார். சாவி ஒரு சுற்று சுற்றியது. செயற்பொறியாளர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்று சுற்றச் சொன்னார்.